பாய்லர் ரூமில் இருந்து கடல் தெரியாது

"பொட்டி தட்டிப் பொழப்பு நடத்துறவன் போர்க்கப்பலைப் பத்தி எழுதப் போறானா?"ன்னு நீங்க சிரிக்கறது தெரியுது. நியாயம்தான். எனக்கும் கப்பலுக்கும் உள்ள சம்பந்தம் கொடைக்கானல் ஏரியில மிதிபடகு ஓட்டுன அளவுதான். அதுலயும் பாதி ஏரியில கால் வலிச்சு நின்னுபோய், இன்னொரு படகுல வந்து இழுத்துட்டுப் போனாங்க. ஆனாலும் இதை எழுதித்தான் ஆகணும். ஏன்னா இந்தக் கதையில ஒரு தப்பு என்னோடது. எங்கயாவது எழுதி வச்சாத்தான் ஆறும்.

எங்க சொந்தத்துலயே போருக்குப் போனவர் ஒருத்தர்தான். எங்க தாத்தாவோட தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா. இருக்கறது பெருமாள்மலையில. வத்தலக்குண்டுல இருந்து பஸ் ஏறி, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு எல்லாம் தாண்டி, பழனி ரோடு வந்து சேர்ற இடம். கொடைக்கானல் போற முக்கால்வாசிப் பேர் அங்க டீ குடிக்க இறங்கியிருப்பீங்க. கொஞ்சம் காப்பிச் செடி, நாலு பேரிக்காய் மரம், ரெண்டு பட்டர் ஃப்ரூட் மரம், ஒரு ஓட்டு வீடு. கடலுக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆனா அவருக்கு ஊர்ல பேரு 'கப்பல்காரர்'.

1968ல கடற்படையில சேர்ந்தார். கடலைப் பார்க்கலாம்னு ஆசையாப் போனவரைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்ட இடம் லோனாவ்லா. கடற்படைக்கு இஞ்சின் ஆளுங்களைத் தயார் பண்ற ஐஎன்எஸ் சிவாஜி அங்கதான் இருக்கு. அதுவும் மலை. "மலையில பொறந்து, மலையில படிச்சு, அப்புறம்தான்டா தண்ணியப் பாத்தேன்"ம்பார். கப்பல்ல அவருக்கு ஸ்டோக்கர் வேலை. அதாவது பாய்லர் ரூம். பீரங்கி, கொடி, தொலைநோக்கி எல்லாம் மேல் தளத்துக்காரங்களுக்கு. இவருக்கு எண்ணெய், நெருப்பு, நீராவி, வேர்வை.

கொசுவத்தி சுத்துறேன், கொஞ்சம் பொறுங்க.

மே மாச லீவுக்கு அங்க போனா, ராத்திரி கம்பளியைப் போத்திக்கிட்டு வாண்டுங்க எல்லாம் அவரைச் சுத்தி உக்காருவோம். கதை எப்பவும் ஒண்ணுதான். 1971, டிசம்பர் 3. விசாகப்பட்டினம் துறைமுகம். நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால ஐஎன்எஸ் ராஜ்புத் கிளம்புது. வாசல்ல கப்பல் திடீர்னு நிக்குது. வழி காட்ட வந்த பைலட் இறங்கிப் போறார். உடனே மணி: டிங் டிங் டிங்! முழு வேகம்! இவர் ஸ்ப்ரேயரை ஒவ்வொண்ணாத் திறக்கறார். நெருப்பு உறுமுது. கொஞ்ச நேரத்துல கப்பலோட அடிவயித்துல யாரோ சம்மட்டியால அடிச்ச மாதிரி டம்... டம். அதுக்கப்புறம் இன்னும் பெருசா ஒண்ணு. "அம்புட்டுதான்டா. பாகிஸ்தான்காரன் காஸி கடலுக்கு அடியில! போட்டது யாரு?" "ராஜ்புத்!" "ராஜ்புத்ல நெருப்புப் போட்டது யாரு?" "தாத்தா!" பேரிக்காய் மரத்துல தூங்கிட்டு இருந்த குருவியெல்லாம் எழுந்துடும்.

ஸ்கூல்ல இதைச் சொல்லியே நான் ரெண்டு வருஷம் கெத்தா அலைஞ்சேன். எங்க தாத்தா சப்மரீனை முழுங்கின ஆள்னு.

அப்புறம் இஞ்சினியரிங் காலேஜ், ஹாஸ்டல் வைஃபை. ராஜ்புத்னு தேடினா ஒரு கப்பல் வந்துச்சு. ஏவுகணை எல்லாம் வச்சுக்கிட்டு பளபளன்னு இருந்துச்சு. 1980ல சோவியத் யூனியன்ல இருந்து வாங்கினதுன்னு போட்டிருந்தது. 1971ல சண்டை போட்டது எப்படி 1980ல பிறக்கும்? தாத்தா அளந்துட்டாரான்னு ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சது, ராஜ்புத் ரெண்டு. நம்ம ஆளோடது முதல் ராஜ்புத். அதோட ஜாதகம் அதைவிட சுவாரசியம்.

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். நம்மாளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, கப்பல்லயும் 'க்ளாஸ்' உண்டு. ஒரே வரைபடத்துல பல கப்பல் கட்டினா அது ஒரு வகுப்பு. ஜாவாவுல க்ளாஸ் எழுதி ஆப்ஜெக்ட் உருவாக்கற மாதிரியே. இன்ஹெரிடன்ஸும் உண்டு!

அடிப்படை வகுப்பு 1930களின் கடைசியில பிரிட்டன்ல வந்த ஜே வகுப்பு நாசகாரிக் கப்பல். வடிவமைச்சவர் ஏ. பி. கோல். அதுக்கு முந்தைய கப்பல்கள்ல மூணு பாய்லர், ரெண்டு புகைபோக்கி. இவர் பாய்லரை ரெண்டாக் குறைச்சார். புகைபோக்கி ஒண்ணாச்சு. மேல் தளத்துல இடம் மிச்சம், தூரத்துல இருந்து பார்க்கறவன் கண்ணுக்கும் சின்னதாத் தெரியும். உடம்போட எலும்புக்கூட்டையும் குறுக்குவாட்டுக்குப் பதிலா நீளவாட்டுல அமைச்சதால உறுதி கூடிச்சு. ஆனா ஒரு விலை இருந்தது. ரெண்டு பாய்லர் அறையும் பக்கத்துப் பக்கத்துல. சரியான இடத்துல ஒரே ஒரு அடி விழுந்தா ரெண்டுலயும் தண்ணி ஏறும், கப்பல் நடுக்கடல்ல செத்துப் போகும். அந்த இடத்துலதான் எங்க தாத்தாவுக்கு டியூட்டி.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிரிட்டனுக்கு அவசரமா நாசகாரிகள் தேவைப்பட்டன. நாசகாரின்னா கான்வாய்க்குக் காவல், நீர்மூழ்கி வேட்டை, டார்பிடோ தாக்குதல், விமான எதிர்ப்பு எல்லாத்துக்கும் ஓடற ஆள். நம்ம டீம்ல எந்த ஆணியா இருந்தாலும் ஒருத்தன் தலையிலயே கட்டுவாங்க இல்லையா, அவன் மாதிரி. அவசரத்துக்கு ஓ, பி வகுப்புகளைச் சின்ன உடம்புல கட்டினாங்க. போகப் போகச் சுமை கூடிக்கிட்டே போகவும், அடுத்து வந்த க்யூ, ஆர் வகுப்புகளுக்கு ஜே வகுப்போட பெரிய உடம்பையே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஜே வகுப்புல பெரிய பீரங்கி ஆறு. இதுல 4.7 அங்குல பீரங்கி நாலுதான். பீரங்கி குறைஞ்சதால குண்டு அடுக்கற அறையில மிச்சமான இடத்தை எண்ணெய்த் தொட்டியா மாத்தினாங்க. விளைவு, கூடுதல் தூரம் ஓட முடிஞ்சது.

ஆர் வகுப்புக் கப்பலோட நீளம் சுமார் 109 மீட்டர். எடை 1,700 டன் அளவு. 40,000 குதிரைத் திறன். வேகம் 36 நாட், அதாவது மணிக்கு 66 கிலோமீட்டர் சொச்சம். நம்ம காட் ரோடுல பஸ் எறங்கற வேகத்தைவிட இது ஜாஸ்தி. எட்டு டார்பிடோ குழாய்கள். இன்னொரு மாத்தம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. காலங்காலமா அதிகாரிகளுக்கு அறை கப்பலோட பின்கோடியில இருக்கும். புயல்ல மேல்தளத்துல அலை அடிக்கிறப்ப அங்க இருந்து பிரிட்ஜுக்கு வர்றதுக்குள்ள உயிர் போயிடும். ஆர் வகுப்புலதான் அந்த அறைகளை நடுப்பகுதிக்குக் கொண்டு வந்தாங்க. யூசர் கம்ப்ளெயின்ட்டை எத்தனை வருஷம் கழிச்சு ஃபிக்ஸ் பண்ணியிருக்காங்க பாருங்க!

மொத்தம் எட்டு கப்பல். ரோதரம், ரேஸ்ஹார்ஸ், ரெய்டர், ராபிட், ரிடௌட், ரிலென்ட்லெஸ், ராக்கெட், ரோபக். இவை அதிகம் ஓடுனது நம்ம கடல்லதான். பிரிட்டனோட கிழக்குக் கடற்படைக்குத் தளம் திருகோணமலை. அங்கிருந்துதான் 1944 ஜூலை 25ல சுமத்ராவுக்குப் பக்கத்துல இருக்கற சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போன படையில இந்த ஆர் கப்பல்கள் பல போயின. அதே வருஷம் பிப்ரவரியில ரிலென்ட்லெஸ், மார்ச்ல ரோபக், ரெண்டும் இந்தியப் பெருங்கடல்ல ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்துட்டு இருந்த கப்பல் ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சு ஒழிச்சன. 1945 மார்ச்ல அந்தமான் பக்கம் கரை பீரங்கி கிட்ட ராபிட் பலமா அடிவாங்கினது. 1945 செப்டம்பர்ல சிங்கப்பூர் கடற்படைத் தளத்தை ஜப்பான்காரங்க கிட்ட இருந்து திரும்ப எடுத்தப்ப ரோதரம் அங்க இருந்தது. எட்டுல ஒண்ணு கூடப் போர்ல மூழ்கல. ராசியான வகுப்பு.

போர் முடிஞ்சதும் நாலை ஃப்ரிகேட்டா மாத்தினாங்க, ஒண்ணை உடைச்சாங்க, மிச்சம் மூணை இந்தியா வாங்கினது. 1949ல ரோதரம் ராஜ்புத் ஆச்சு, ரெய்டர் ராணா ஆச்சு, ரிடௌட் ரஞ்சித் ஆச்சு. பேரு மாறினாலும் இனிஷியல் மாறல, கவனிச்சீங்களா? 1971ல ராஜ்புத்துக்கு வயசு 29. கப்பல் கணக்குல அது ரிட்டையர்மென்ட் வயசு.

இப்ப 1971க்கு வருவோம். கிழக்குக் கடற்படைத் தலைமை அதிகாரி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நம்ம நாகர்கோவில்ல பிறந்தவர். அவர் கையில இருந்த பெரிய சொத்து விக்ராந்த், விமானந்தாங்கிக் கப்பல். ஆனா அதோட பாய்லர்ல விரிசல், முழு வேகத்துல ஓட முடியாது. அதை வேட்டையாடறதுக்காக பாகிஸ்தான் காஸியை அனுப்பியிருந்தது. காஸி அமெரிக்காவுல 1944ல நீரில் இறக்கப்பட்ட டயப்லோங்கற நீர்மூழ்கி. 1964ல பாகிஸ்தானுக்கு வந்தது. வங்காள விரிகுடா வரைக்கும் வந்து திரும்பக் கூடிய நீர்மூழ்கி அவங்க கிட்ட அது ஒண்ணுதான். 1971 நவம்பர் 14ல கராச்சியில இருந்து கிளம்பிடுச்சு.

கிருஷ்ணன் விக்ராந்தை ரகசியமா அந்தமான் பக்கம் அனுப்பி ஒளிச்சு வச்சார். அது இன்னும் விசாகப்பட்டினம் பக்கத்துலதான் இருக்குன்னு எதிரி நம்பணுமே? கிழட்டு ராஜ்புத்தைக் கூப்பிட்டு, கடல்ல போய் 'நீதான் விக்ராந்த்'ங்கற மாதிரி வயர்லெஸ்ல நிறையப் பேசச் சொன்னார். ஊருக்குள்ள ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவுக்குக் கறியும் காய்கறியும் ஆர்டர் கொடுக்க வச்சார், சந்தைப் பேச்சு ஒற்றன் காதுக்குப் போகட்டும்னு. விக்ராந்த்ல இருக்கற ஒரு மாலுமி, உடம்பு முடியாம இருக்கற தன் அம்மாவைப் பத்தி விசாரிக்கற மாதிரி, சங்கேதம் இல்லாம வெளிப்படையா ஒரு தந்தியையும் அனுப்ப வச்சார். இதையெல்லாம் பிறகு அவரே தன்னோட நினைவுகள்ல எழுதியிருக்கார். என்ன மூளை!

டிசம்பர் 3 ராத்திரி ராஜ்புத் எண்ணெய் நிரப்பிக்கிட்டு லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில வெளியே வந்தது. பைலட்டை இறக்கிவிட்டதும், வாசல்லயே நீர்மூழ்கி காத்துட்டு இருந்தா என்ன ஆகும்னு அவருக்குத் தோணியிருக்கு. முழு வேகத்துக்கு உத்தரவு. கொஞ்ச நேரத்துல முன்னால தண்ணி கலங்கறதைக் காவல் ஆள் பார்த்துச் சொல்ல, கப்பலைத் திருப்பி ரெண்டு ஆழ்வெடி போட்டார். நடுராத்திரி தாண்டிச் சில நிமிஷத்துல ஒரு பெரிய வெடிச்சத்தம், விசாகப்பட்டினத்துல வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்துச்சாம். ராஜ்புத் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துட்டு, ஒண்ணும் கிடைக்காம, வங்காளம் பக்கம் போயிட்டது. காலையில மீனவங்க மிதந்த பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் காஸி மூழ்கினதே தெரிஞ்சது. அதுல இருந்த 93 பேர்ல ஒருத்தர் கூடப் பிழைக்கல.

சரி, மூழ்கடிச்சது யாரு? இந்தியாவோட பதில் ராஜ்புத். பாகிஸ்தானோட பதில், உள்ளேயே நடந்த வெடிப்பு, இல்லைன்னா தான் போட்ட கண்ணிவெடியிலயே சிக்கினது. முங்கிப் பார்த்த நம்ம டைவர்கள் கண்டது, முன்பக்கம் உள்ளிருந்து வெளியே வெடிச்ச மாதிரி இருந்தது. ஆழ்வெடி வெளியே இருந்து நசுக்கணும். ஆனா அந்த அதிர்ச்சியில உள்ளே இருந்த டார்பிடோவோ கண்ணிவெடியோ வெடிச்சிருந்தா? பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறப்ப சேர்ற ஹைட்ரஜன் வாயு வெடிச்சிருந்தா? நம்ம பாஷையில சொன்னா, சர்வர் போச்சு, லாக் ஃபைல் இல்ல, ரெண்டு டீம் ஆளுக்கு ஒரு காரணம் எழுதி டிக்கெட்டை மூடிட்டாங்க.

என் தப்பு இங்கதான் வருது.

2018. குறிஞ்சி பூத்த வருஷம். அக்கா பொண்ணுக்குப் பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில்ல காதுகுத்து. நான் காலேஜ் கடைசி வருஷம். உலகத்துல எனக்குத் தெரியாதது எதுவும் இல்லைங்கற வயசு. சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கோம். அதுக்கு முந்தின வருஷம் காஸி பத்தி ஒரு சினிமா வந்திருந்தது. அதுல ஒரு இந்திய நீர்மூழ்கி அதை மூழ்கடிக்கிற மாதிரி கற்பனைக் கதை. "என்ன மாமா, படத்துல வேற மாதிரி காட்டுறானே, நீங்க சொன்னது என்னாச்சு?"ன்னு ஒரு சித்தப்பா சின்னத் தாத்தாவை வம்புக்கு இழுத்தார். தாத்தா நிமிர்ந்து உக்காந்து, "படம் கிடக்கு. போட்டது நாங்க"ன்னு ஆரம்பிச்சார்.

நான் போனை எடுத்தேன்.

"இல்ல தாத்தா. அது அதுவா வெடிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. உங்க கப்பலை அங்க வச்சதே தூண்டில்ல புழு மாதிரித்தான். விக்ராந்த்னு நினைச்சு அவன் உங்களை அடிக்கட்டும்னு."

எல்லாரும் சிரிச்சாங்க. "ஆக, கப்பல்காரர் புழுவா?"ன்னு யாரோ எடுத்துக் கொடுக்க, சிரிப்பு இன்னும் கூடிச்சு. நானும் சிரிச்சேன். தாத்தா சிரிக்கல. "தூண்டில்னா? எப்படி?"ன்னார். நான் உற்சாகமா எல்லாத்தையும் சொன்னேன். வயர்லெஸ், கறி, காய்கறி, அம்மா தந்தி, எல்லாத்தையும். முழுக்கக் கேட்டுட்டு, "அப்படியா"ன்னு ஒரு வார்த்தை. எழுந்து கை கழுவப் போயிட்டார். ஏற்கனவே கழுவின கை.

அதுக்கப்புறம் அவர் அந்தக் கதையைச் சொல்லவே இல்ல. குழந்தைங்க கேட்டாலும் "தூக்கம் வருது"ன்னுடுவாராம். சின்ன அப்பத்தா ஒருநாள் போன்ல என்கிட்ட, "என்னடா சொன்ன அவரை? டிசம்பர் மாசம் வந்தா பொட்டியத் தொறந்து மெடலத் தொடைப்பாரு. ரெண்டு வருஷமா அதுவும் இல்ல"ன்னாங்க. நான் ஏதோ மழுப்பினேன். அப்புறம் வேலை, சென்னை, ஆணி, கொரோனா. வருஷம் ஓடிப் போச்சு.

2024 பிப்ரவரியில ஆபீஸ்ல பில்ட் ஓடி முடியறதுக்காகக் காத்துட்டு இருந்தப்ப செய்தி கண்ணுல பட்டது. விசாகப்பட்டினம் கரைக்குப் பக்கத்துல, சுமார் 100 மீட்டர் ஆழத்துல காஸி கிடக்கற இடத்தை இந்தியக் கடற்படையோட ஆழ்கடல் மீட்புக் கலம் கண்டுபிடிச்சிருக்கு. செத்தவங்களுக்கு மரியாதையா அதைத் தொடாம அப்படியே விட்டுட்டாங்க. படிச்சதும் பில்ட் மேல மனசு போகல. அந்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தாத்தாவைக் கூட்டிக்கிட்டு கோக்கர்ஸ் வாக் போனேன். மூடுபனி வந்து வந்து போயிட்டு இருந்துச்சு. இருட்டினதும் பனி விலகி, கீழே பெரியகுளம் பக்கத்து விளக்கெல்லாம் தெரிய ஆரம்பிச்சது. "ராத்திரி கடல்ல இருந்து கரையப் பாத்தா இப்படித்தான்டா இருக்கும்"னார். ஆறு வருஷத்துல அவர் கடலைப் பத்திப் பேசின முதல் வார்த்தை. நான் போனை எடுத்துச் செய்தியைப் படிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது தாத்தா."

"நீ சொன்னது தப்பா?"

"தப்பு இல்ல. ஆனா..."

"தப்பு இல்லல்ல? அப்புறம் என்ன." கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "நாப்பத்தேழு வருஷம் எனக்குத் தெரியாதது உன் போன்ல இருந்துச்சு பாரு, அதுதான்டா தாங்கல. கேப்டனுக்குத் தெரிஞ்சிருக்கும். கீழ பாய்லர் ரூம்ல கிடக்கறவனுக்கு எதுக்குச் சொல்லணும்? சொன்னா ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் வீட்டுக்கு எழுதிப்புடுவான். நான் தலைவனா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா அந்த அம்மா தந்தி சொன்ன பாரு... அப்ப எங்க அம்மா நெசமாவே படுத்துக் கிடந்தா. எனக்குத் தெரியாது. லெட்டர் வந்து சேர்றப்ப சண்டையே முடிஞ்சு போச்சு."

அம்மா பிழைச்சுக்கிட்டாங்க. அதையும் அவரே சொன்னார், என் முகத்தைப் பார்த்துட்டு.

"அதுல எத்தன பேருடா இருந்தாங்க?"

"93 பேர்."

"அதுலயும் இஞ்சின் ஆளுங்க இருந்திருப்பாங்க." அப்புறம் குக்ரி பத்திச் சொன்னார். 1971 டிசம்பர் 9, டையூ பக்கத்துல பாகிஸ்தானோட ஹாங்கோர் நீர்மூழ்கி அடிச்சு மூழ்கினது ஐஎன்எஸ் குக்ரி. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனாங்க. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காம அதோடயே போனதை நாம எல்லாரும் படிச்சிருக்கோம். தாத்தாவுக்கு அந்தக் கப்பல்ல தெரிஞ்சது வேற ஆள். லோனாவ்லாவுல பக்கத்துப் படுக்கையில படுத்த ராமநாதபுரத்துப் பையன். "அவனும் கீழ்த்தளத்து ஆளுதான். நமக்கெல்லாம் ஏணி ஏறி வர்றதுக்கு நேரம் இருக்காதுடா."

ரொம்ப நேரம் பேச்சு இல்ல. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நாங்கதான் போட்டோம்னு ஊரு பூரா சொன்னேன். நீ இல்லைன்ன. அன்னிக்குக் கோவம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தா, ஒருவேள நாம இல்லையோன்னு கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்குமாடா ஒருத்தனுக்கு?"

எனக்குப் பதில் தெரியல. தெரியாதப்ப என்னை மாதிரி ஆளுங்க என்ன செய்வோம்? டெக்னிக்கலாப் பேசுவோம். நானும் அதைத்தான் செஞ்சேன். ஆழ்வெடிங்கறது ஒரு எண்ணெய் பீப்பாய் மாதிரி. உள்ளே 130 கிலோ அளவுக்கு வெடிமருந்து. தண்ணியோட அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் வெடிக்கும். செகண்டுக்கு மூணு மீட்டர் வேகத்துலதான் கீழே போகும். ஆழம் குறைவா வச்சுப் போட்டா வெடிக்கறதுக்கு ரொம்பக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அதுக்குள்ள போட்ட கப்பல் தப்பிச்சு ஓடியாகணும். ஓடலைன்னா அதோட பின்பக்கமே பிளந்துடும்.

"தாத்தா, காஸியை எது உடைச்சதுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ராஜ்புத்தை ஏன் அந்த வெடி உடைக்கலைன்னு சொல்ல முடியும். வேகம் இருந்துச்சு. நீங்க கொடுத்தீங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்து முதல் தடவையாச் சிரிச்சார். "இதைச் சொல்ல இஞ்சினியரிங் படிக்கணுமாடா? அதுதானே என் வேலை."

வீட்டுக்கு வந்தோம். அக்காவும் பொண்ணும் கீழே இருந்து வந்திருந்தாங்க. அன்னிக்குக் காது குத்திக்கிட்ட பாப்பாவுக்கு இப்ப ஏழு வயசு. கம்பளிக்குள்ள பூந்துக்கிட்டு, "தாத்தா, கப்பல் கதை சொல்லு"ன்னா. சின்ன அப்பத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. தாத்தா தொண்டையைக் கனைச்சார்.

"1971, டிசம்பர் 3. நான் ஒண்ணும் கண்ணால பாக்கல பாப்பா. கீழ இருந்தேன். மேல டிங் டிங் டிங்னு மணி அடிச்சாங்க. நெருப்பக் கூட்டுனேன். கப்பல் ஓடுச்சு. அப்புறம் டம், டம்னு ரெண்டு. அதுக்கப்புறம் பெருசா ஒண்ணு."

"அது என்ன சத்தம் தாத்தா?"

"அத உங்க மாமாகிட்ட கேளு. அவன் போன்ல பாத்துச் சொல்லுவான்."

பாப்பா என் பக்கம் திரும்பினா. என் கையில போன் இருந்துச்சு. சிக்னலும் இருந்துச்சு.

"தெரியல பாப்பா"ன்னேன்.

தாத்தா கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

பி.கு.: முதல் ராஜ்புத்தை 1976ல உடைச்சுட்டாங்க. இரண்டாவது ராஜ்புத் 41 வருஷம் ஓடி, 2021 மே 21ல விசாகப்பட்டினத்துலயே ஓய்வு பெற்றது. விசாகப்பட்டினம் பீச்சுல 1971 போர் நினைவுச் சின்னமும், குர்சுரா நீர்மூழ்கி மியூசியமும் இருக்கு. அடுத்த டிசம்பர்ல தாத்தாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். "அங்க போய்? வெளியில இருந்தா பாக்கப் போறோம்? உள்ள விடுவாங்கன்னா வர்றேன்"ன்னு சொல்லியிருக்கார். விடுவாங்க :-)